ரகசிய கேமராவைக் கண்டுபிடிப்பது எப்படி: எந்த முறை எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும்

விடுதி அறை, குறுகிய கால வாடகை வீடு, உடை மாற்றும் அறை, பொதுக் கழிப்பறை போன்ற இடங்களில் ஒளித்து வைக்கப்படும் கேமராக்களைத் தேடுவதற்கென்று பல கருவிகளும் செயலிகளும் விற்பனையில் உள்ளன. அவை ஒவ்வொன்றும் கேமராவின் ஏதேனும் ஒரு தடயத்தை மட்டுமே தேடுகின்றன; அந்தத் தடயத்தை விடாத கேமரா அந்தக் கருவிக்குத் தெரியாது. வாங்கிய கருவி சத்தம் எழுப்பவில்லை என்பதற்காகவே அறை பாதுகாப்பானது என்று நம்பிவிடுவது, தேடாமலே இருப்பதைவிட ஆபத்தானது. ஆகவே ஒவ்வொரு முறையும் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்பதைச் சேர்த்தே இங்கே விளக்குகிறேன்.

ஒரு கேமரா இயங்குவதற்கு மூன்று தேவைகள் உண்டு: பார்ப்பதற்கு ஒரு துளை, இயங்குவதற்கு மின்சாரம், எடுத்த படத்தைச் சேமிக்கவோ வெளியே அனுப்பவோ ஒரு வழி. இவற்றில் மூன்றாவதை எளிதில் மறைத்துவிடலாம். மெமரி கார்டில் மட்டும் பதிந்துகொள்ளும் கேமரா படத்தை ரேடியோ அலையில் வெளியே அனுப்புவதில்லை என்பதால், அத்தகைய அலைகளைத் தேடும் கருவிகள் அதனிடம் தோற்றுப்போகின்றன. இரண்டாவதையும் ஓரளவு மறைக்கலாம். பேட்டரியில் இயங்கி, ஆள் நடமாட்டம் தெரியும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் கேமராக்கள் இருக்கின்றன. முதலாவதை மட்டும் எவராலும் விட்டுக்கொடுக்க இயலாது. லென்ஸுக்கும் அது படம் பிடிக்க விரும்பும் இடத்துக்கும் இடையே ஒளி செல்வதற்கு ஒரு நேர்ப்பாதை இருந்தே தீர வேண்டும். கேமரா உங்களைப் பார்க்க முடிகிறது என்றால், அந்த இடத்திலிருந்து நீங்களும் அதன் துளையைப் பார்க்க முடியும். தேடலை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வைஃபை, அலை, வெப்பம் எல்லாம் அதற்குப் பின்னர்தான்.

படி 1: கேமராவின் இடத்திலிருந்து யோசியுங்கள்

அறைக்குள் நுழைந்ததும் பொருள்களைப் பார்க்கத் தொடங்க வேண்டாம். முதலில் இந்த அறையில் எந்த இடம் படம் பிடிக்கப்படக்கூடும் என்பதைத் தீர்மானியுங்கள். பெரும்பாலும் அது படுக்கை, குளிக்கும் இடம், கழிப்பறை இருக்கை, உடை மாற்றும் மூலை ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும். அந்த இடத்தில் நின்றும், பின்னர் உட்கார்ந்தும் அல்லது படுத்தும், சுற்றிலும் கண்ணில் படும் ஒவ்வொரு பொருளையும் கவனியுங்கள். அங்கிருந்து தெரியாத பொருளில் கேமரா இருந்தாலும் அதனால் உங்களைப் பார்க்க இயலாது. இந்த எளிய கணக்கு, தேட வேண்டிய பரப்பைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடுகிறது.

இவ்வாறு வடிகட்டிய பொருள்களில், மின் இணைப்பு உள்ளவற்றுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். பேட்டரிக் கேமராவைத் தொடர்ந்து இயக்க, யாராவது அடிக்கடி வந்து சார்ஜ் செய்ய வேண்டியிருக்கும். நாள்கணக்கில் ஆள் வராமலே இயங்க வேண்டுமென்றால் சுவர் மின்சாரம்தான் வசதி. சார்ஜர், பிளக், சுவிட்ச் போர்டு, மேசைக் கடிகாரம், புகை உணர்வி, செட்டாப் பாக்ஸ், விளக்கு, ஸ்பீக்கர் ஆகியவை கேமராவுக்கு இடமாவது இதனால்தான். 2019 மார்ச்சில் தென்கொரியக் காவல்துறை வெளிப்படுத்திய ஒரு வழக்கில், 10 நகரங்களில் உள்ள 30 விடுதிகளின் 42 அறைகளில் கேமராக்கள் வைக்கப்பட்டு, சுமார் 1,600 விருந்தினர்கள் படம் பிடிக்கப்பட்டு இணையத்தில் நேரலையாகக் காட்டப்பட்டிருந்தார்கள். அந்தக் கேமராக்கள் தொலைக்காட்சிக்கான செட்டாப் பாக்ஸ், சுவரிலுள்ள பிளக், ஹேர் டிரையர் தாங்கி ஆகியவற்றுக்குள் இருந்தன. லென்ஸின் அளவு 1 மி.மீ. மட்டுமே. மூன்றும் ஒரே இடத்தில் நிலையாக இருப்பவை என்பதையும், வந்து தங்குபவர் எவரும் கழற்றிப் பார்க்க நினைக்காதவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பொருள் அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது அடுத்த சோதனை. ஒரே அறையில் இரண்டு புகை உணர்விகள் இருப்பது, அதில் ஒன்று படுக்கைக்கு நேர் மேலே இருப்பது, எந்தக் கருவியும் இணைக்கப்படாமல் ஒரு சார்ஜர் மட்டும் படுக்கையை நோக்கிச் செருகப்பட்டிருப்பது, குளியலறையில் கடிகாரம் இருப்பது, கதவில் மற்றக் கொக்கிகளோடு ஒத்துப்போகாத ஒரு கொக்கி இருப்பது, சுவரில் எதையும் தாங்காத ஒரு திருகு இருப்பது ஆகியவை நெருங்கிப் பார்க்க வேண்டியவை. சார்ஜர் வடிவிலுள்ள கேமராவைக் கையில் எடுத்தால், கேபிள் செருகும் வாய்க்கு அருகிலோ முகப்பின் ஓரத்திலோ குண்டூசித் தலையளவுக்கு ஒரு துளை இருக்கும்; பக்கவாட்டில் மெமரி கார்டுக்கான குறுகிய பிளவும் இருக்கலாம். சாதாரண சார்ஜரில் இவை இரண்டுக்கும் வேலை இல்லை. முகப்பு முழுவதும் பளபளக்கும் கருநிற பிளாஸ்டிக்காக இருந்தால் துளையே வெளியே தெரியாது; லென்ஸ் அந்தக் கருமைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க வெறும் கண் போதாது.

தங்குமிடத்தை முன்பதிவு செய்யும்போதே விவரக் குறிப்பைப் படித்துவிடுவது நல்லது. ஏர்பிஎன்பி நிறுவனம் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்கு உள்ளே பாதுகாப்புக் கேமரா வைப்பதை முற்றிலும் தடை செய்துவிட்டது. அதற்கு முன்பு, முன்கூட்டியே அறிவித்திருந்தால் பொது இடங்களில் வைக்க அனுமதி இருந்தது. எனவே அங்கே உள்ளே இருக்கும் எந்தக் கேமராவும், வெளிப்படையாக வைக்கப்பட்டிருந்தாலும்கூட, விதிமீறல்தான்.

படி 2: டார்ச் வெளிச்சத்தில் லென்ஸின் மின்னலைத் தேடுங்கள்

எல்லா முறைகளிலும் இதற்கே நான் முதன்மை தருகிறேன். மெமரி கார்டில் பதிவதாக இருந்தாலும், வைஃபையில் அனுப்புவதாக இருந்தாலும், அணைத்தே வைக்கப்பட்டிருந்தாலும், லென்ஸ் லென்ஸாகவே இருக்கிறது. லென்ஸின் வேலை, உள்ளே வரும் ஒளியைப் பின்னாலிருக்கும் சென்சாரின்மீது ஒரு புள்ளியாகக் குவிப்பது. சென்சாரில் பட்ட ஒளியில் ஒரு பகுதி, அதே லென்ஸ் வழியாக வந்த பாதையிலேயே திரும்புகிறது. இரவில் வெளிச்சம் படும்போது பூனையின் கண் ஒளிர்வதற்கும் இதுதான் காரணம். ஒளி வந்த வழியே திரும்புவதால், பார்க்கும் கண் ஒளிமூலத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். டார்ச்சை இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு தேடுபவருக்குக் கேமரா எதிரிலேயே இருந்தாலும் தெரியாமல் போவது இதனால்தான்.

செய்முறை இதுதான். திரைச்சீலைகளை மூடி விளக்குகளை அணைத்து அறையை இருட்டாக்குங்கள். டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, கண்ணின் பார்வையும் ஒளிக்கற்றையும் ஒரே திசையில் செல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பொருளின்மீதும் ஒளியை மிக மெதுவாக நகர்த்துங்கள். லென்ஸ் இருந்தால், சில சமயம் நீலம் அல்லது செந்நிறச் சாயலுடன், ஒரு சிறிய கூர்மையான புள்ளி மின்னும். மேசைக் கடிகாரத்தின் கருப்பு முகப்பை எடுத்துக்கொள்வோம். ஒளி பட்டதும் முகப்பு முழுவதும் பளபளக்கும். தலையையும் டார்ச்சையும் சேர்த்துச் சற்றே இடமும் வலமும் அசைத்தால், மேற்பரப்பின் பளபளப்பு வழுக்கிக்கொண்டு இடம் மாறும். லென்ஸின் புள்ளி மட்டும் எண்களுக்கு நடுவே ஒரே இடத்தில் நிலையாக நிற்கும். திருகுத் தலை, கண்ணாடித் துணுக்கு, பிளாஸ்டிக் விளிம்பு ஆகியவற்றிலிருந்து லென்ஸைப் பிரித்தறிய இந்த வேறுபாடே உதவுகிறது. சந்தையில் கிடைக்கும் லென்ஸ் கண்டறிவிகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. அவற்றில் ஒரு சாளரத்தைச் சுற்றிச் சிவப்பு எல்இடி விளக்குகளும், அந்த நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியும் இருக்கும்.

இந்த முறையிலிருந்தும் கேமராக்கள் தப்புகின்றன. லென்ஸ் ஆழமான துளைக்குள் அமைந்திருந்தால், ஏறக்குறைய நேர் எதிரே நிற்பவருக்கு மட்டுமே மின்னல் தெரியும். சற்று விலகினாலும் மறைந்துவிடும். கருநிறப் பலகைக்குப் பின்னால் இருந்தால், போகும்போதும் திரும்பும்போதும் என இரண்டு முறை ஒளி மங்குகிறது. எனவே ஒரே இடத்தில் நின்று அறை முழுவதையும் சுழற்றிப் பார்ப்பது பயன் தராது. படுக்கையில் தலை இருக்கும் உயரம், நின்றால் முகம் இருக்கும் உயரம், குளிக்கும் இடம் என, படம் பிடிக்கப்படக்கூடிய ஒவ்வொரு இடத்திலிருந்தும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சந்தேகத்துக்குரிய பொருளுக்கு ஓரடி, ஈரடி வரை நெருங்கிச் சென்று, கோணத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குப் பொறுமை தேவை.

மனிதக் கண் இதில் எவ்வளவு தூரம் தவறுகிறது என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட அந்த ஆய்வு, சில ஸ்மார்ட்போன்களில் தூரத்தை அளக்கப் பயன்படும் லேசர் சென்சாரைக் கொண்டு இதே மின்னலைத் தேடியது. 379 பேர் பங்கேற்ற சோதனையில், வெறும் கண்ணால் தேடியவர்கள் 46 சதவீதக் கேமராக்களையே கண்டுபிடித்தார்கள். லேசர் முறை 88.9 சதவீதத்தைக் கண்டுபிடித்தது. சாதாரண டார்ச் அந்த அளவுக்குத் துல்லியமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை பாதிக்கு மேல் பொய்த்துப்போகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

கண்ணாடிகளைப் பற்றி ஒரு குறிப்பு. சில கண்ணாடிகளின் பின்னாலிருந்து அறையைப் பார்க்க முடியும். விரல் நுனியை வைத்து, பிம்பத்துக்கும் விரலுக்கும் இடைவெளி உண்டா என்று பார்க்கும் பரவலான சோதனையை நம்ப வேண்டாம். ஒளியைத் திருப்பும் பூச்சு கண்ணாடியின் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை மட்டுமே அது காட்டும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கண்ணாடியின்மீது அழுத்தி வைத்து, மற்றொரு கையால் வெளிச்சத்தை மறைத்தபடி முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தால், பின்னால் காலி இடம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

படி 3: இருட்டில் அகச்சிவப்பு ஒளியைத் தேடுங்கள்

இரவிலும் படம் பிடிக்கும் கேமராக்கள் தாமே அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகின்றன. அவற்றின் எல்இடிகள் பெரும்பாலும் 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்குகின்றன. 850 நானோமீட்டர் விளக்கு, முழு இருட்டில் நெருங்கிப் பார்த்தால் மங்கிய சிவப்பாகக் கண்ணுக்கே தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது. போன் கேமராவுக்குத் தெரியலாம். போனின் பின்பக்கக் கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதுண்டு. முன்பக்கக் கேமராவில் பல போன்களில் அது குறைவாக இருக்கும். எனவே தேடுவதற்கு முன் போனைச் சோதித்துக்கொள்ள வேண்டும்: அகச்சிவப்பில் இயங்கும் தொலைக்காட்சி ரிமோட்டைப் போன் கேமராவுக்கு எதிரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் ரிமோட்டின் முனை வெள்ளையாகவோ ஊதாவாகவோ மினுங்கினால் அந்தப் போன் பயன்படும். பிறகு அறையை முழு இருட்டாக்கி, கேமராவுக்கு இரவுநிலைக்கு மாற நேரம் கொடுக்க ஓரிரு நிமிடங்கள் காத்திருந்து, போன் திரை வழியாக அறையைச் சுற்றிப் பாருங்கள்.

இந்தச் சோதனையில் எதுவும் தெரியாவிட்டால், இரவு விளக்கு உள்ள கேமரா இல்லை என்பதை மட்டுமே ஓரளவு சொல்லலாம். பகல் வெளிச்சத்திலும் குளியலறை விளக்கிலும் படம் எடுக்கும் கேமராவுக்கு அகச்சிவப்பே தேவையில்லை. மிகச் சிறிய துளையில் ஒளிந்திருப்பவற்றில் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை.

படி 4: வைஃபை பட்டியலைப் பாருங்கள்

போனின் வைஃபை அமைப்பைத் திறந்தால் அருகிலுள்ள வலையமைப்புகளின் பெயர்கள் தெரியும். மலிவான சிறு கேமராக்கள் பலவும் தாமே ஒரு ஹாட்ஸ்பாட்டை உருவாக்குகின்றன. எழுத்தும் எண்ணுமாக நீண்டு, பொருள் விளங்காத பெயரில் அது தோன்றும். அறைக்குள் நடக்கும்போது ஒரு குறிப்பிட்ட மூலையில் அதன் வலிமை கூடினால் அங்கே நின்று தேட வேண்டும்.

அடுத்து, தங்குமிடத்தின் வைஃபையில் இணைந்து, ஃபிங் போன்ற செயலியால் அதே வலையமைப்பில் உள்ள கருவிகளைப் பட்டியலிடலாம். ஒவ்வொரு கருவிக்கும் உள்ள 12 இலக்க மேக் முகவரியின் முதல் 6 இலக்கங்கள் தயாரிப்பாளரைக் குறிப்பவை என்பதால், கேமரா நிறுவனத்தின் பெயர் வந்தால் கவனிக்கலாம். 554 என்ற போர்ட் திறந்திருந்தால், அது காணொளி அனுப்பப் பயன்படும் ஆர்டிஎஸ்பி முறையின் வழக்கமான வாயில் என்பதால் ஐயம் வலுக்கிறது. பட்டியலைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழைவது உங்களையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

செயலி விளம்பரங்கள் சொல்லாத பகுதி இனிதான் வருகிறது. விருந்தினருக்கென்று தனி வைஃபை இருந்தால், உரிமையாளரின் வலையமைப்பில் உள்ள கேமரா உங்கள் பட்டியலில் வராது. ஒரே வலையமைப்பிலும், கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி ரவுட்டர் தடுத்திருக்கலாம். தயாரிப்பாளர் பெயராகக் கேமரா நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக, உள்ளிருக்கும் சிப்பைத் தயாரித்தவரின் பெயர் வரலாம். அதே சிப் மின்விளக்கிலும் இருக்கும். மேகக் கணினிக்கு (இணையவழிச் சேமிப்பகத்துக்கு) நேராக அனுப்பும் கேமராக்களில் எந்தப் போர்ட்டும் திறந்திராமல் இருக்கலாம். சிம் கார்டு வழியாக அனுப்புபவற்றுக்கும் மெமரி கார்டில் பதிபவற்றுக்கும் இந்த வைஃபையோடு தொடர்பே இல்லை. எனவே பட்டியலில் எதுவும் இல்லை என்பதிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

ஆய்வாளர்கள் இதைவிட நுட்பமான ஒரு வழியைக் கையாள்கிறார்கள். காணொளியைச் சுருக்கும் முறைகள், முந்தைய காட்சியிலிருந்து மாறிய பகுதியையே முதன்மையாக அனுப்புகின்றன. எனவே அறையில் யாராவது நடந்தால் தரவின் அளவு உயர்கிறது. அசையாமல் நின்றால் குறைகிறது. தகவல் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் இந்த ஏற்ற இறக்கத்தை மறைப்பது கடினம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2022-இல் வெளியிட்ட லூமோஸ் என்ற அமைப்பு, வலையமைப்பில் இணையாமலே காற்றில் செல்லும் வைஃபை தரவுத் துணுக்குகளைக் கவனித்து, கருவியின் வகையையும் அது இருக்கும் இடத்தையும் கணிக்க முயன்றது. சாதாரணப் போன்கள் பொதுவாக இவ்வாறு ஒட்டுக்கேட்க அனுமதிப்பதில்லை என்பதால், இது இன்னும் எல்லோர் கைக்கும் வந்துசேரவில்லை.

படி 5: அலை, வெப்பம், குறைக்கடத்தி

ரேடியோ அலைக் கண்டறிவியை வாங்கியிருந்தால், முதலில் உங்கள் போன், கடிகாரம், மடிக்கணினி அனைத்தையும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். கருவியின் உணர்திறனை அது அமைதியாகும் வரை குறைத்துவிட்டு, பொருள்களுக்கு ஓரடிக்குள் மெதுவாக நகர்த்துங்கள். அப்போது வேறொருவர் அறையில் நடந்துகொண்டிருப்பது நல்லது. அசைவு தெரிந்தால் மட்டுமே அனுப்பும் கேமரா, அசைவே இல்லாத அறையில் ஊமையாக இருக்கும். பதிந்து வைத்துக்கொண்டு பின்னொரு நேரத்தில் மொத்தமாக அனுப்புபவை இதிலும் அகப்படுவதில்லை. பக்கத்து அறை ரவுட்டரும் இதே கருவியை அலற வைக்கும் என்பதால், ஒலியைவிட அது எந்த இடத்தில் கூடுகிறது என்பதே முக்கியம். போனின் காந்த உணர்வியைக் கொண்டு கேமராவைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் செயலிகளை ஒதுக்கிவிடலாம். அவை இரும்பையும் காந்தத்தையும் காட்டும், லென்ஸைக் காட்டா.

போனில் பொருத்தும் வெப்பக் கேமரா பயனுள்ளது. தொடர்ந்து இயங்கும் கேமரா சற்றுச் சூடாக இருக்கும். மின்சாரத்தோடு தொடர்பில்லாத பொம்மையிலோ சுவர்ப் படத்திலோ அந்தச் சூடு தெரிந்தால் அதை நெருங்கிச் சோதிக்க வேண்டும். ஆனால் சார்ஜரும் செட்டாப் பாக்ஸும் இயல்பாகவே சூடானவை. சாதாரணக் கண்ணாடி இந்த வெப்பக் கதிர்களை ஊடுருவ விடாது என்பதால் அதன் பின்னால் இருப்பதும் தெரியாது.

தொழில்முறைச் சோதனையாளர்கள் கையாளும் கருவி வேறு வகையானது. அது ஓர் அலையை அனுப்பி, மின்னணுச் சில்லுகளில் இருக்கும் குறைக்கடத்திச் சந்திகள் திருப்பி அனுப்பும் இரட்டிப்பு அதிர்வெண்ணைக் கேட்கிறது. துருப்பிடித்த உலோக இணைப்பில் மும்மடங்கு அதிர்வெண் மேலோங்கும். மின்னணுச் சுற்றில் இரு மடங்கு மேலோங்கும். எனவே அணைந்து கிடக்கும் கேமராவும் இதற்குத் தப்பாது. மின்னணுப் பொருள்கள் நிறைந்த அறையில் எது எதுவென்று பிரிப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

எதுவும் கிடைக்காவிட்டால்

மேலே சொன்ன தேடலுக்குப் பிறகும் மனம் அமைதி அடையாத பொருள் ஒன்று இருந்தால், அதை நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பிளக்கிலிருந்து கழற்றக்கூடியதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள்; கழற்ற முடியாததன் முகப்பின்மீது துணியையோ ஒளிபுகா ஒட்டுநாடாவையோ போடுங்கள். பார்வைப் பாதையை அடைத்துவிட்டால், அது எந்தக் கருவியிடம் தப்பக்கூடியதாக இருந்தாலும் பயனற்றுப்போகிறது. புகை உணர்வியை மட்டும் மூடி வைக்க வேண்டாம். அது உண்மையானதாக இருந்தால் உயிருக்கு ஆபத்து. அதன்மீது ஐயம் இருந்தால் வேறு அறை கேளுங்கள்.

கிடைத்துவிட்டால்

பதற்றத்தில் உடைப்பதும் பிடுங்கி எறிவதும், வைத்தவருக்கு எதிரான சான்றை நீங்களே அழிப்பதாக முடியும். உள்ளே ஒலியும் பதிவாகிக்கொண்டிருக்கலாம் என்பதால், அதன் எதிரே நின்று பேசாதீர்கள். லென்ஸின் பார்வைக்கு வெளியே இருந்தபடி, அது பொருத்தப்பட்டுள்ள நிலையையும், அறையில் அதன் இடத்தையும், படுக்கையை அல்லது குளியலறையை அது நோக்கியிருப்பதையும் போனில் படமெடுத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து அதன்மீது ஒரு துணியைப் போட்டுவிட்டு, உடைமைகளுடன் வெளியேறி, பாதுகாப்பான இடத்திலிருந்து காவல்துறையை அழையுங்கள். விடுதி நிர்வாகத்திடமோ வீட்டு உரிமையாளரிடமோ அதற்கு முன்பே சொல்லிவிட்டால், காவலர் வருவதற்குள் கருவி காணாமல் போய்விட வாய்ப்புண்டு. வைத்தவர் அவர்களுக்குள்ளேயே இருக்கலாம். முன்பதிவுத் தளத்துக்குச் செய்தியும் படங்களும் அதன் பின்னர் அனுப்பலாம்.

மெமரி கார்டை எடுத்து உங்கள் கணினியில் போட்டுப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. அதைச் செய்ய வேண்டாம். கார்டில் உள்ள கோப்புகளின் நேரக் குறிப்புகள் மாறக்கூடும், கருவியிலுள்ள விரல்ரேகைகள் கலைந்துபோகக்கூடும். முன்பு தங்கியவர்களின் படங்களும் அதில் இருக்கலாம் என்பதால், அந்தக் கார்டு விசாரணை அதிகாரியின் கைக்கு, இருந்த நிலையிலேயே போய்ச்சேர வேண்டும்.